பதினெட்டு என்னும் சடங்கு

கோடை தொடங்கியதும் புனேயின் ஆய்வு வளாகங்கள் சிலவற்றில் ஒரு சடங்கு நடைபெறுகிறது. சர்வர் அறையின் குளிரூட்டி 18 பாகையில் வைக்கப்படும். ரிமோட் யாரும் தொடாதவாறு பூட்டி வைக்கப்படும். ஏன் 18 என்று கேட்டால் 'பாதுகாப்புக்கு' என்பார்கள். சான்று கேட்டே பழகிய ஆய்வாளர்களும் அவ்விடத்தில் வாய் மூடிவிடுவதுதான் வியப்பு.

சர்வர்களுக்கான வெப்பநிலை வரையறையை உலகம் பெரும்பாலும் ஆஷ்ரே என்னும் அமெரிக்கப் பொறியாளர் சங்கத்திடமிருந்தே பெறுகிறது. 2004இல் அதன் பரிந்துரை 20 முதல் 25 பாகை செல்சியஸ். 2008இல் அது 18 முதல் 27 என விரிந்தது. ஆக, நாம் இலக்காகப் போற்றும் 18, பரிந்துரையின் கீழ் எல்லை. சாலையோர வேலியையே சாலையென்று கொண்டு வண்டி ஓட்டுகிறோம். 2011இன் வகைப்பாட்டில் ஏ2 வகைச் சர்வர்களுக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு 10 முதல் 35 வரை. அந்த எண்களும் சர்வரின் முன்முகத்தில் உட்புகும் காற்றுக்கு உரியவை. ரிமோட்டில் ஒளிரும் எண்ணுக்கோ, ரேக்கின் பின்னால் கை வைத்துப் பார்க்கும் சூட்டுக்கோ உரியவை அல்ல. பின்புறக் காற்று சுடத்தான் வேண்டும். புனே மேட்டுநிலம், காற்று இளைத்தது என்னும் வாதத்தையும் கேட்டிருக்கிறேன். உயரத்துக்கான கழிவு ஏ2 வகைக்கு 900 மீட்டருக்கு மேல்தான் தொடங்குகிறது. புனே ஏறத்தாழ 560 மீட்டரில் இருக்கிறது.

அடுத்த வாதம் சற்று வலுவானது: மின்சாரம் தடைப்பட்டால் குளிர்ந்த அறை நமக்கு அவகாசம் தரும் என்பது. கணக்கிட்டுப் பார்ப்போம். 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையில் ஏறக்குறைய 200 கிலோ காற்று இருக்கும். அதை ஒரு பாகை சூடேற்ற 200 கிலோஜூல் போதும். நான்கு ரேக்குகள் சேர்ந்து 40 கிலோவாட் வெளியிட்டால், ஒரு பாகை ஏற 5 நொடி. 18க்கும் 25க்கும் இடையிலான 7 பாகை நமக்கு வாங்கித் தருவது 35 நொடி. சுவரும் இரும்பும் இன்னும் சிறிது தாங்கும், அவ்வளவே. இதற்காக ஆண்டு முழுதும் கட்டணம் செலுத்துகிறோம்.

சூடு கூடினால் கருவி சாகும் என்பதும் நாம் நினைப்பது போல் நேர்கோட்டு உறவன்று. 2007இல் கூகுள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து, மிக உயர்ந்த வெப்பநிலைகள் நீங்கலாக, சூட்டுக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த தொடர்பைக் காணவில்லை. 2012இல் வெளிவந்த டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வு, சராசரி வெப்பத்தைக் காட்டிலும் வெப்பத்தின் ஏற்ற இறக்கமே கவலைக்குரியது என்றது. இதனால் 35இல் ஓட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. 27ஐத் தாண்டினால் சர்வரின் உள்விசிறிகள் வேகமெடுக்கும், விசிறியின் மின்தேவை வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும், மிச்சப்படுத்தியது கரைந்துவிடும். 24, 25 என்பதே என் கோரிக்கை.

புனேயில் மழைக்காலம் வேறு இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் வெளிக்காற்றின் பனிநிலை 20 பாகைக்கு மேல். 18 பாகை அறையின் கதவைத் திறந்தால், உட்புகும் ஈரக்காற்று குளிர்ந்த உலோகத்தின் மேல் நீராய்ப் படியும். பாதுகாப்பு என்று வைத்த எண்ணே மின்பலகைக்கு நீர் கொண்டுவருகிறது! கோடையிலோ, வீட்டுக்கென வடிவமைத்த ஸ்பிளிட் குளிரூட்டி எட்டவியலாத 18ஐ நோக்கி இரவும் பகலும் ஓடி, சுருளில் பனி கட்டி நின்றுபோகிறது. அதன்பின் கணினித் தொகுதி இரண்டு நாள் மூடப்படும். உதவித்தொகையின் கடைசி மாதங்களில் இருப்பவருக்கு அந்த இரண்டு நாளின் பொருள் தெரியும்.

அறிவு இல்லாமையால் இது நடக்கவில்லை. 1991இல் பரம் 8000ஐ ஆக்கிய சி-டாக் இதே நகரில்தான் இருக்கிறது. ஐசர் புனேயின் பரம் பிரம்மா, செயலியின் மேலேயே நீரைச் செலுத்திக் குளிரூட்டுகிறது. ஜெர்மனியின் கார்ஷிங்கில் 2012இல் இயங்கத் தொடங்கிய சூப்பர்மக் 40 பாகை வெந்நீராலேயே குளிரூட்டப்பட்டது. மனிதர் அமரும் அறைக்கு 24 போதும் என்று 2020 ஜனவரி முதல் புதிய குளிரூட்டிகளின் இயல்நிலையையே இந்திய அரசு மாற்றிவிட்டது. இயந்திரத்துக்கு மட்டும் ஏன் 18? மின்கட்டணம் துறையின் கணக்கில் வருவதில்லை. இயந்திரம் பழுதானால் மட்டும் பொறுப்பாளர்மேல் பழி விழும். யார்தான் ரிமோட்டைத் தொடுவார்?

எனவே பழியிலிருந்து அவரை விடுவிக்கும் எழுத்துப்பூர்வ முடிவு துறைக்குழுவிடமிருந்தே வரவேண்டும். ஒவ்வொரு ரேக்கின் முன்முகத்திலும் கீழ், நடு, மேல் என மூன்று வெப்பமானிகள் பொருத்துங்கள். ரேக்கில் காலியான இடைவெளிகளைத் தகடு கொண்டு மூடுங்கள், பின்புறச் சூடு முன்னுக்குத் திரும்பாது. வாரத்துக்கு ஒரு பாகையாக 25 வரை ஏற்றுங்கள். அளவீடுகளை மாணவர் அனைவரும் காணத் திறந்து வையுங்கள். மறுக்கும் துறை, 18க்கான காரணத்தை ஒரே ஒரு பக்கத்தில், சான்றுடன் எழுதித் தரட்டும்.