டப்பாவில் அடைபட்ட பலம்

ஆம்பூரிலிருந்து ஒரு தாயார் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தோல் செருப்புத் தொழிற்சாலை ஒன்றில் தையல் இயந்திரத்தின் முன் பகலெல்லாம் உட்கார்ந்து உழைப்பவர். கல்லூரியில் படிக்கும் அவருடைய புதல்வி மாலை வேளைகளில் பளு தூக்கப் பழகுகிறாள். பயிற்சிக் கூடத்தில் யாரோ சொன்னார்களென்று புரோட்டீன் பவுடர் டப்பா ஒன்றை வாங்கி வந்துவிட்டாள். விலை சில ஆயிரம் ரூபாய். டப்பாவோடு கலகமும் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. "இதைக் குடித்தால் பெண்ணுக்கு மீசை முளைக்கும்" என்கிறார் பாட்டி. "குடிக்காவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்" என்கிறாள் பேத்தி. "இருவருக்கும் நடுவில் நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார் தாயார்.

பளு தூக்குவது பெண்ணுக்கு அடுக்குமா என்ற கேள்வி அந்தக் கடிதத்தில் இல்லை. அதைக் கண்டு நாம் மகிழ்கிறோம். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில்தான் பெண்களின் பளுதூக்கும் போட்டி முதன்முதலாக இடம் பெற்றது. அந்த முதல் வாய்ப்பிலேயே கர்ணம் மல்லேஸ்வரி வெண்கலப் பதக்கம் வென்றார். 2021-இல் டோக்கியோவில் மீராபாய் சானு 202 கிலோ தூக்கி வெள்ளி பெற்றார். வேலூர்ப் பக்கத்துக்கோ இந்த வித்தை புதிதன்று. சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-லும் 2018-லும் காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்றதை அவ்வூர்ப் பிள்ளைகள் மறக்கவில்லை.

முதலில் பாட்டியின் பயத்தைத் தீர்ப்போம். கடைகளில் பெரும்பாலும் விற்கும் பவுடர், பாலைத் திரித்துக் கட்டியை எடுத்தபின் மிஞ்சும் தெளிநீரிலிருந்து புரதத்தைப் பிரித்து உலர்த்தியது. கலப்படமில்லாத வரையில் அது பாலின் ஒரு பகுதியே தவிர மருந்தல்ல; ஆண்மைச் சுரப்பும் அல்ல. மீசையை முளைக்க வைக்கும் சக்தி அதற்குக் கிடையாது.

அடுத்த பயம் சிறுநீரகத்தைப் பற்றியது. இந்தியாவில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை முதன்முதலாக வெற்றி கண்டது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான், 1971-இல். ஆகவே அந்த உறுப்பின் அருமையை அந்தப் பக்கத்தாருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சிறுநீரகங்கள் பழுதில்லாமல் இருப்பவர்களுக்கு அளவான புரதம் கேடு செய்வதாக நிரூபணமாகவில்லை. ஆனால் அவை ஏற்கெனவே பழுதுபட்டிருந்தால் அதிகப் புரதம் பாரமாகும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள், குடும்பத்தில் சிறுநீரக நோய் கண்டவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் முதலியோர் வைத்தியரைக் கேளாமல் டப்பாவைத் திறக்கலாகாது.

இனிப் பேத்தியின் வாதம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. பளு தூக்குகிறவளுக்கு அது போதாது. எடையில் ஒரு கிலோவுக்கு 1.4 கிராமாவது, அதாவது 77 கிராம் வேண்டும் என்று விளையாட்டு உணவு வல்லுநர்கள் சொல்கிறார்கள். வாஸ்தவந்தான். ஆனால் அது டப்பாவில்தான் கிடைக்குமா?

அடுக்களைக்குள் சென்று பார்ப்போம். முட்டை இரண்டில் 12 கிராம். பாலும் தயிருமாக அரை லிட்டரில் 16. ஐம்பது கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10. ஒரு பிடி வேர்க்கடலையில் 7. ஐம்பது கிராம் துவரம் பருப்பில் 11. இருநூறு கிராம் அரிசியில் 14. ஆகமொத்தம் 70. இதற்கு மேல் நூறு கிராம் மீனோ கோழிக்கறியோ சேர்ந்தால் 90 ஆகிறது. புலால் உண்ணாதவர்கள் பருப்பையும் பயறையும் சோயாவையும் கூட்டிக்கொள்ளலாம். பிரியாணிக்குப் பேர்போன ஆம்பூரில் புரதத்துக்குப் பஞ்சம் என்றால் யார் நம்புவார்கள்! 2024-இல் ஹைதராபாத் தேசிய உணவூட்ட நிறுவனம் வெளியிட்ட நெறிமுறைகளும், தசை வளர்ப்பதற்காகப் புரதப் பொடிகளை நாட வேண்டாம் என்றே யோசனை கூறின.

டப்பாவால் தீராத குறை ஒன்றும் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவிகிதத்தினருக்கு இரத்தசோகை. பால் புரதப் பொடியில் இரும்புச் சத்து அற்பமே. பளுவைத் தூக்கும்போது மூச்சு வாங்கினால், குறைவது புரதமா இரத்தமா என்று முதலில் சோதித்தறிய வேண்டும். உடல் மெலிய வேண்டுமென்று சோற்றைத் தள்ளிவிட்டுப் பொடியை மட்டும் குடித்துப் பயிற்சி செய்யும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாதவிலக்குத் தவறும். நாளடைவில் எலும்பும் பலவீனப்படும். மாதவிலக்கு நின்றால் அதைப் பயிற்சியின் வெற்றி என்று எண்ணிவிடக் கூடாது. உடல் பசியால் கொடுக்கும் அபாய அறிவிப்பு அது.

மெய்யான ஆபத்து வேறோரிடத்தில் இருக்கிறது. சுத்தமான பொடியைப் பற்றித்தான் இதுவரை பேசினோம். டப்பாவிலிருப்பது சுத்தமான பொடிதான் என்று யார் கண்டது? இந்தியாவில் விற்பனையாகும் 36 வகைகளைச் சோதித்த ஓர் ஆராய்ச்சி 2024-இல் வெளிவந்தது. சுமார் 70 சதவிகிதத்தில் மேலே அச்சிட்ட புரத அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப் போகவில்லை. 14 சதவிகிதத்தில் ஈரலைக் கெடுக்கும் பூஞ்சை நஞ்சு இருந்தது. 8 சதவிகிதத்தில் பூச்சிமருந்தின் மிச்சம் இருந்தது. உலகச் சந்தையிலே சில பொடிகளில் ஊக்கமருந்துகள் கலந்திருந்ததும் உண்டு. அப்படிப்பட்ட டப்பா கையில் அகப்பட்டால் பாட்டியின் மீசைப் பயமும் வெறும் பயமாக இராது! போட்டிக்குப் போகும் பெண்ணுக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. அவள் உடலில் கண்ட பொருளுக்கு அவளே பொறுப்பு என்பது சட்டம். "தெரியாமல் குடித்தேன்" என்பதனால் குற்றம் இல்லையென்று ஆகிவிடாது. வருஷக்கணக்கில் உழைத்துச் சேர்த்த பெயர் ஒரு கரண்டிப் பொடியில் கரைந்து போகலாம்.

தாயார் யார் பக்கம் சேருவது? அவர் ஊருக்குச் சொந்தமான ஒரு நீதியையே அவருக்கு நினைவூட்டுகிறோம். தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீரால் பாலாறும் கிணறுகளும் கெட்டன என்று வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தீங்கு நேர்ந்ததென்று பாதிக்கப்பட்டவர் நிரூபிக்க வேண்டியதில்லை. தன் செயலால் தீங்கில்லையென்று தொழில் நடத்துகிறவர்தான் நிரூபிக்க வேண்டும் என்பது அதன் சாரங்களில் ஒன்று. ஆற்றுக்குச் சொன்ன அந்த நியாயத்தை அடுக்களைக்கும் வைத்துக்கொண்டால் என்ன?

டப்பாவைக் குப்பையில் எறிய வேண்டாம்; கேள்வி கேளுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா? ஒவ்வொரு தொகுதியையும் வெளி ஆய்வுக்கூடம் சோதித்ததற்குச் சான்று உண்டா? ரசீது கொடுத்தார்களா? இவற்றுக்கு விடையில்லையேல் அந்தப் பொடி வேண்டாம். விடையிருந்து, வீட்டுச் சாப்பாட்டில் ஏழெட்டுக் கிராம் குறைகிறதென்றால், அந்தக் குறைக்கு அரைக் கரண்டி சேர்த்துக்கொள்ளட்டும். சாப்பாட்டுக்குத் துணையாக வரலாமே ஒழிய, அதன் இடத்தில் பொடி உட்காரக் கூடாது.

பாட்டிக்கு ஒரு வேண்டுகோள். நாளை முதல் பேத்திக்குச் சுண்டல் வேகவைக்கும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொள்ள வேண்டும். பேத்தி பதக்கத்தோடு திரும்பும் நாளில், அதில் பாட்டிக்கும் ஒரு பங்கு இருக்கட்டும்.