துருப்பிடித்த போல்ட்டுக்கு எந்த ஸ்பேனர்?

மணப்பாறைப் பக்கமிருந்து ஒரு விவசாயியின் கேள்வி. டிரான்ஸ்பார்மர் பழுதாகி அவருடைய கிணற்று மோட்டார் நிற்கிறது. ஒன்றரை ஏக்கர் நிலக்கடலை பூத்து, விழுது மண்ணில் இறங்கும் தருணம். எட்டு வருடமாகக் கிணற்றடியில் சும்மா கிடந்த 5 குதிரைத்திறன் டீசல் இன்ஜினை ஓட்டிவிடலாம் என்று இறங்கியிருக்கிறார். வால்வு பிடித்துக்கொண்டதால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டும். ஆனால், சைலன்சர் குழாயை ஹெட்டோடு பிணைத்திருக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்று அசையவில்லை. மற்றொன்றின் தலை, ஸ்க்ரூ ஸ்பேனர் வழுக்கி மழுங்கிவிட்டது. என்ன கருவி வாங்கினால் கழலும் என்று கேட்கிறார்.

கருவிக்கு முன் கடலை. பூக்கும்போதும் விழுது இறங்கும்போதும் ஈரம் குறைந்தால் காய்ப்பு குறையும். இந்த ஒரு தண்ணீரை வாடகை இன்ஜின் வைத்தாவது பாய்ச்சிவிடுவது நல்லது. இன்றைக்கே ஓட்டியாக வேண்டும் என்ற அவசரத்தில்தான் பெரும்பாலும் போல்ட் ஒடிகிறது. ஒடிந்த துண்டு உள்ளே நின்றுவிட்டால் லேத் பட்டறைச் செலவு. மரையும் கெட்டால் ஹெட்டுக்கே சேதம்.

சைலன்சர் பக்கத்துப் போல்ட்டுகள் மற்றவற்றைவிட முரண்டு பிடிக்கக் காரணம் உண்டு. ஓடும்போது சூடேறி விரிந்து, நின்றதும் ஆறிச் சுருங்கி, மழை ஈரத்தில் துருவேறுகின்றன. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். மரை இடுக்கை அடைத்து இறுக்கிவிடும். ஆகவே முதல் வேலை ஊறவைப்பதுதான். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து, போல்ட் தலையில் சுத்தியலால் நேராக நாலைந்து தட்டு தட்ட வேண்டும். அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்க வழி கிடைக்கும். இப்படிக் காலையும் மாலையும் இரண்டு நாள். ஸ்பிரே கிடைக்காவிட்டால் மண்ணெண்ணெயோ டீசலோ போதும், கொஞ்சம் தாமதமாகும். பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றி வைப்பவர்களும் உண்டு. அது கெட்டி, இடுக்கில் எளிதில் ஏறாது.

இனி ஸ்பேனர். ஸ்க்ரூ ஸ்பேனரும் பைப் ரிஞ்சும் இந்த வேலைக்கு ஆகாது. பலமாக இழுக்கும்போது ஸ்க்ரூ ஸ்பேனரின் தாடை விரிந்து கொடுக்கும். டபுள் எண்ட் ஸ்பேனர் இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கும். ரிங் ஸ்பேனர் சுற்றிலும் பிடிக்கும். அதைவிட மேலானது ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர். பன்னிரண்டு முனை உள்ளது மாட்டுவதற்கு வசதிதான், ஆனால் தேய்ந்த தலையில் நழுவிவிடும். கடையில் உள்பக்கத்தைப் பார்த்து, முனைகளை எண்ணியே வாங்க வேண்டும்.

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய இன்ஜின்கள் பலவற்றில் அங்குல அளவு, புதியவற்றில் மில்லிமீட்டர். முக்கால் அங்குலத் தலைக்கு 19 மி.மீ. ஸ்பேனர் ஏறக்குறையச் சரியாக உட்காரும். ஆனால் அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அதில் 13 மி.மீ. ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் ஆடி, முனைகளைத் தின்றுவிடும். இதே வித்தியாசம் ஒரு சமயத்தில் கைகொடுக்கும். மழுங்கிய தலை 13 மி.மீ. என்றால், அரை அங்குல ஆறு முனை பாக்ஸைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் புதுப்பிடி கிடைக்கும்.

முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு அசைத்துவிட்டு, பிறகு கழற்றும் பக்கம் திருப்ப வேண்டும். கிரீச்சென்று சத்தம் கேட்டால் எண்ணெய் விட்டு முன்னும் பின்னுமாக ஆட்டலாம். கைப்பிடியில் குழாய் செருகி நீளத்தை இரட்டித்தால் திருகும் விசையும் இரட்டிக்கும். சிறிய போல்ட் அதைத் தாங்காது. ரப்பர்போல் முறுக்கிக்கொடுப்பதாகக் கைக்குத் தெரிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். அது கழலவில்லை, முறிகிறது.

அப்படியும் அசையாவிட்டால், குழாயோடு சேர்த்தே ஹெட்டைக் கழற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். சில இன்ஜின்களில் முடியும். ஹெட் நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். மழுங்கிய தலைமேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்தால் ஸ்பேனருக்குப் பிடியும் கிடைக்கும், அந்தச் சூட்டில் துருவும் விடும். சூடான வார்ப்பிரும்பில் தண்ணீர் ஊற்றவே கூடாது, விரிசல் விடும். டீசல் டேங்க் பக்கத்தில் இருக்கும்போது வயலில் வைத்துத் தீ காட்டுவது உயிருக்கு ஆபத்து.

ஈஸி அவுட் என்று விற்பதை அவர் வாங்க வேண்டாம். தலை ஒடிந்த போல்ட்டில் துளையிட்டுச் செருகித் திருகும் கருவி அது. மிகக் கடினமான எஃகு. உள்ளே ஒடிந்துவிட்டால் சாதாரண டிரில் அதில் ஏறாது. தேவைப்பட்டால் லேத் பட்டறைக்காரர் கையாளட்டும்.

திரும்பப் பூட்டும்போது புதிய போல்ட்டு, அதே நீளம், அதே மரை. மரையில் கிராபைட் கிரீஸ் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் சைலன்சர் சூட்டில் எரிந்துவிடும்.