ஆறு நாடு வேண்டாம், ஒரு நகரம் போதும்

திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகிற சாலையில் இருக்கிறது டி. கல்லுப்பட்டி. சுற்றிலும் கரிசல் காடு. பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற பூமி. இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை தேனிலவு என்றாலே கொடைக்கானல்தான். அதுவும் கையில் நாலு காசு உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு. மற்றவர்களுக்கு மறுவீடு, உறவுக்காரர் வீட்டு விருந்து, மீனாட்சியம்மன் கோயில், திருப்பரங்குன்றம் என்று ஒரு சுற்று. அதோடு சரி. இன்று சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள், நிச்சயம் முடிந்த கையோடு பாரிஸ், ரோம், வியன்னா என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். “இருக்கிற செலவு போதாதா?” என்கிறார்கள்.

பிள்ளைகள் ஆசைப்படுவதில் தப்பே இல்லை. அவர்களுக்கு விற்கப்படுகிற பயணத்தில்தான் தப்பு இருக்கிறது.

பத்து நாளில் ஆறு நாடு, ஏழு நாடு என்று விளம்பரம் வருகிறது. நாற்பது பேரை ஒரு பேருந்தில் ஏற்றுவார்கள். காலை ஏழு மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வர வேண்டும். பகலில் பாதி நெடுஞ்சாலையிலேயே கழியும். ஈபிள் கோபுரத்தின் முன்னால் படம் எடுக்க அரை மணி நேரம், சாக்லேட் கடையில் ஒரு மணி நேரம். இரவுச் சாப்பாட்டுக்கு இந்திய உணவகம். தங்குவது ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரத்து ஓட்டலில். இப்படிப் போய் வந்த தம்பதியிடம் எந்த ஊர் பிடித்தது என்று கேட்டால், போனில் உள்ள படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்தும் இருவருமாக ஒரு தெருவில் நிதானமாக நடந்த நினைவு இல்லை.

தமிழ் மனதில் தேனிலவுக்கு வெளியூரைக் கொண்டுவந்து சேர்த்ததில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. இயக்குநர் ஸ்ரீதர் 1961-ல் ‘தேன் நிலவு’ படத்தைக் காஷ்மீரில் எடுத்தார். இரண்டாம் கல்யாணம் செய்துகொண்ட அப்பா, புது மனைவியோடு தேனிலவுக்குப் போகும்போது வளர்ந்த மகளையும் கூட்டிக்கொண்டு போகிற கதை அது. எட்டு ஆண்டு கழித்து அதே ஸ்ரீதர் ‘சிவந்த மண்’ படத்துக்காகச் சிவாஜி கணேசனையும் காஞ்சனாவையும் ஐரோப்பாவுக்கே அழைத்துப் போனார். 1998-ல் ‘ஜீன்ஸ்’ படம் ஒரே பாட்டில் உலக அதிசயங்களை எல்லாம் சுற்றிக் காட்டியது. பாட்டுக்கு அந்த வேகம் சரி. சரணத்துக்குச் சரணம் ஊர் மாறலாம். கல்யாணமான முதல் மாதத்தில் இருக்கிற இரண்டு பேருக்கு அந்த வேகம் ஆகாது.

ஏனென்றால் தேனிலவின் பயன் ஊர் பார்ப்பதில் மட்டும் இல்லை. டி. கல்லுப்பட்டிப் பக்கத்தில் பெரும்பாலான கல்யாணங்கள் இன்றும் பெரியவர்கள் பேசி முடிப்பவை. பெண்ணும் மாப்பிள்ளையும் போனில் பேசியிருப்பார்கள். நாலு முறை நேரில் பார்த்திருந்தால் அதிகம். கல்யாணம் முடிந்தாலோ வீடு நிறைய ஆள். விருந்துக்குப் போகிற இடமெல்லாம் கூட்டம். ஆடி பிறந்தால் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். யாரும் கூப்பிடாத, யாரும் குறுக்கே வராத ஒரு வாரம் இருவருக்கும் வேண்டும். எந்த ரயிலில் ஏறுவது, எங்கே சாப்பிடுவது, வழி தவறினால் என்ன செய்வது என்பதையெல்லாம் இருவரும் கலந்து பேசி முடிவு செய்கிற ஒரு வாரம். எவருக்குப் பசி தாங்காது, எவருக்குச் சட்டென்று கோபம் வரும், எவர் கையில் காசு நிற்கும் என்பது அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். வழிகாட்டி கொடி பிடித்து முன்னால் போகிற கூட்டத்தில் இது நடக்காது.

ஒரே நகரத்தில் தங்கினால் நடக்கும். பாரிஸையே எடுத்துக்கொள்ளலாம். செய்ன் நதியின் மேல் உள்ள பாலங்களில் மிகப் பழையது போன் நெஃப். 1578-ல் தொடங்கி 1607-ல் முடித்தார்கள். அந்தக் காலத்துப் பாலங்களில் இரு பக்கமும் வீடுகள் அடைத்துக்கொண்டிருக்கும். இதில் வீடு கட்டாமல், நடந்து போகிறவர்களுக்கென்று மேடான நடைபாதை போட்டார்கள். நானூறு ஆண்டுக்கு மேலாகியும் மக்கள் அதில்தான் நின்று நதியைப் பார்க்கிறார்கள். அங்கிருந்து கால் மணி நேரம் நடந்தால் நோத்ர தாம் தேவாலயம். 2019 ஏப்ரல் 15 அன்று கூரை எரிந்து கோபுரம் சரிந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. ஐந்தரை ஆண்டு வேலைக்குப் பிறகு 2024 டிசம்பரில் மீண்டும் திறந்தார்கள். தச்சரும் கல்தச்சரும் பழைய முறையிலேயே ஓக் மரத்தை இழைத்துக் கூரை போட்டார்கள். உள்ளே போகக் கட்டணம் இல்லை. கோயில் திருப்பணி என்றால் என்ன என்று தெரிந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த வேலை சட்டென்று புரியும்.

பக்கத்திலேயே கலைப் பாலம் இருக்கிறது. காதலர்கள் பெயர் எழுதிய பூட்டைக் கம்பியில் மாட்டிவிட்டுச் சாவியை ஆற்றில் எறிவது ஒரு வழக்கமாகிப்போனது. பாரம் தாங்காமல் 2014-ல் ஒரு பக்கத் தடுப்பு சரிந்தது. மறு ஆண்டு எல்லாவற்றையும் அறுத்து எடுத்தார்கள். சுமார் 45 டன் இரும்பு. புது மணமக்கள் அங்கே பூட்டு மாட்டாமல் வருவதே அந்த ஊருக்குச் செய்கிற மரியாதை.

மரே என்கிற பழைய பேட்டையில் வோஜ் சதுக்கம் உண்டு. நாலு பக்கமும் செங்கல் முகப்போடு ஒரே மாதிரி 36 வீடுகள், நடுவில் தோட்டம். 1612-ல் பதின்மூன்றாம் லூயிக்கும் ஸ்பெயின் இளவரசி ஆனுக்கும் நடந்த நிச்சயதார்த்தத்தைக் கொண்டாடும் விழாவோடுதான் அந்தச் சதுக்கத்தைத் திறந்தார்கள். அதற்கு 24 ஆண்டு கழித்து, 1636-ல், மதுரையில் திருமலை நாயக்கர் மகால் எழுந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே தலைமுறைக் கட்டடங்கள். மரேயும் ஒரு காலத்தில் இடிந்து, அழுக்கேறி, பட்டறைகளாலும் குடோன்களாலும் நிரம்பிக் கிடந்ததுதான். 1962-ல் பண்பாட்டு அமைச்சராக இருந்த ஆந்த்ரே மல்ரோ கொண்டுவந்த சட்டம், தனிக் கட்டடத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது, பேட்டை முழுவதையும் காப்பாற்ற வேண்டும் என்றது. மரே பிழைத்தது அப்படித்தான். நாயக்கர் மகாலில் நமக்கு எஞ்சியிருப்பது கால் பங்குதான் என்பார்கள். ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று மாதங்களின் பெயரில் வளையம் வளையமாக அமைந்த ஊரில், அந்த வீதிகளின் பழைய வீடுகள் எத்தனை நிற்கின்றன? வோஜ் சதுக்கத்தில் ஒரு பொழுது உட்கார்ந்துவிட்டு வருகிற மதுரைப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி வர வேண்டும். வந்தால் அந்தப் பயணச் செலவு ஊருக்கும் லாபம்.

நதி விஷயமும் அப்படித்தான். செய்னில் 1923 முதல் குளிக்கத் தடை இருந்தது. சாக்கடை கலந்த ஆறு. 2024 ஒலிம்பிக்கை ஒட்டி 140 கோடி யூரோ செலவிட்டுச் சுத்தம் செய்து, 2025 ஜூலையில் மூன்று இடங்களில் பொதுமக்களைக் குளிக்க விட்டார்கள். நூறு ஆண்டு ஆனது. வைகையில் அழகர் இறங்குகிற அந்த நாளுக்கென்று தண்ணீர் திறந்துவிட்டு, மற்ற நாளில் கழிவுநீரை விட்டுக்கொண்டிருக்கிற நமக்கு இதைவிட நல்ல பாடம் வேறு கிடையாது.

அந்த நதிக்கரையில் இன்னொன்றும் உண்டு. கல்யாணமான பெண், கணவன் தோளில் சாய்ந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தால் அங்கே எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நம் ஊரில் தாலி ஏறிய பிறகும் பொது இடத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தயங்குகிற பெண்கள் எத்தனையோ பேர். ஒரு வாரமாவது கூச்சமில்லாமல் நடந்து பார்ப்பதை எந்த மாமியாரும் குறைவாக நினைக்கக் கூடாது.

பாரிஸ் போகிற தமிழர்கள் தவறவிடக் கூடாத இடம் லா ஷப்பெல். வடக்கு ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் சில பிரான்ஸ் போயின. இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு ஈழத்தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். மளிகைக் கடை, நகைக் கடை, புடவைக் கடை, கொத்துரொட்டிக் கடை என்று தெருவே தமிழ்ப் பலகையோடு நிற்கிறது. 1985-ல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயம் இன்று பஜோல் தெருவில் இருக்கிறது. விநாயகர் சதுர்த்தியை ஒட்டி வருகிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அங்கே தேர் ஓடும். பாரிஸ் தெருவில் தேங்காய் மலைபோலக் குவிந்து உடையும். காவடியும் கற்பூரமுமாகத் தெரு நிறைந்திருக்க, வெள்ளைக்காரர்களும் வடம் பிடிப்பார்கள். ஏழூர்ச் சப்பரம் பார்த்து வளர்ந்த டி. கல்லுப்பட்டிப் பிள்ளைக்கு அது தன் ஊர்த் திருவிழா மாதிரியே இருக்கும். ஆவணியில் கல்யாணம் ஆகிறவர்களுக்கு நாளும் ஒத்துவரும். வீடு இழந்து வந்தவர்கள் அந்நிய மண்ணில் எப்படி ஊன்றி நின்றார்கள் என்பதை அந்தக் கடைக்காரர்களிடம் பேசித் தெரிந்துகொள்வது எந்த அருங்காட்சியகத்துக்கும் குறைந்ததல்ல.

அருங்காட்சியகம் என்றதும் எல்லோரும் ஓடுவது லூவருக்கு. 2026 ஜனவரி 14 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அங்கே கட்டணம் 32 யூரோ. அதற்கு முன்பு எல்லோருக்கும் 22 யூரோ. உலகெங்கிலுமிருந்து பொருள் சேர்த்து வைத்திருக்கிற இடம், அந்த உலகத்துப் பிள்ளைகளிடமே கூடுதல் காசு கேட்பது நியாயமில்லை. ஆனால் அதே நகரத்தில் மாநகராட்சி நடத்துகிற கார்னவலே, பெட்டி பலே, விக்டர் ஹ்யூகோ வீடு ஆகியவற்றின் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணமே கிடையாது. கிமே அருங்காட்சியகத்தில் பதினோராம் நூற்றாண்டுச் சோழ நடராசர் நிற்கிறார். பார்க்க வேண்டும். எந்தக் கோயிலில் நின்றவரோ என்று யோசிக்கவும் வேண்டும். லூவருக்கும் கிமேக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

காசு விஷயத்துக்கு வருவோம். டி. கல்லுப்பட்டிக்கு ஐரோப்பியத் தலைநகர் புதிதில்லை. காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா லண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்றவர். பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தியவர். 1929-ல் காந்தியைச் சந்தித்த பிறகு கதருக்கு மாறினார். கடைசிக் காலத்தைக் கழித்தது டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில். 1960-ல், காந்தி மறைந்த அதே ஜனவரி 30 அன்று மறைந்தார். ஒரு செலவை மதிப்பிடும்போது அது யார் கைக்குப் போகிறது, எவ்வளவு காலம் நிலைக்கும் என்று கேட்கச் சொன்னவர் அவர். அந்தக் கேள்வியைத் தேனிலவுக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒரே நகரத்தில் தங்கினால் ஊருக்கு ஊர் பறக்கிற செலவும் புகையும் இல்லை. சிறு விடுதியில் தங்கி, சந்தையில் ரொட்டியும் பழமும் வாங்கிச் சாப்பிட்டால் காசு சாதாரண மனிதர்கள் கைக்குப் போகும். மெட்ரோவில் ஒரு பயணம் இரண்டரை யூரோ அளவுதான். நடந்தால் அதுவும் இல்லை.

மொய்ப் பணத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. மதுரைப் பக்கத்தில் மொய் என்பது நோட்டில் பெயர் எழுதி வாங்குகிற கடன். நாளை அவர்கள் வீட்டு விசேஷத்தில் கூட்டித் திருப்ப வேண்டியது. தனிநபர் கடன் வாங்கியும் போக வேண்டாம். மண்டப அலங்காரத்திலும் ஊர் நீளத்துக்கு வைக்கிற ஃபிளெக்ஸ் பலகையிலும் இரண்டு வீட்டாரும் கொஞ்சம் குறைத்தாலே பயணச் செலவில் நல்ல பங்கு வந்துவிடும். அதுவும் முடியாதவர்களுக்குப் புதுச்சேரியும் தரங்கம்பாடியும் பக்கத்திலேயே இருக்கின்றன.

ஒரே நகரம் என்று முடிவு செய்தால் விசா வேலையும் சுலபம். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். ஒரே நாடு என்றால் குழப்பமே இல்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாளுக்குள் முடியாது. கட்டணம் 90 யூரோ, அதாவது ஏறக்குறைய ஒன்பதாயிரம், பத்தாயிரம் ரூபாய். விசா மறுக்கப்பட்டாலும் திரும்பி வராது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். முதல் முறை போகிறவர்கள் விரல் ரேகை வைக்க நேரில் போக வேண்டும்.

இதில் பெரும்பாலும் தடுக்கி விழுவது பெண் விஷயத்தில்தான். மாப்பிள்ளையிடம் பாஸ்போர்ட் இருக்கும். பெண்ணுக்கு எடுத்திருக்க மாட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் பெயரைச் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவார்கள். அது தேவையே இல்லை. கல்யாணம் ஆனதால் பெண் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று பாஸ்போர்ட் சட்டத்தில் எங்கும் இல்லை. அப்பா பெயரோடு உள்ள பாஸ்போர்ட்டே செல்லும். விமானச் சீட்டு, காப்பீடு, விசா மனு மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, இனிஷியலை விரித்து எழுதிய அதே எழுத்தில் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வருகிற ஆவணியில் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற வீடுகள், மண்டபத்துக்கு முன்பணம் கட்டுகிற வாரத்திலேயே அவள் பெயரில் பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பித்துவிட வேண்டும். மண்டல அலுவலகம் மதுரையிலேயே இருக்கிறது. தேனிலவுக்குப் போகாவிட்டாலும் அந்தப் பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்கு அவளுடையது.