காலுக்கு ஓய்வு, பெட்ரோலும் மிச்சமா?

பண்டிகை விடுமுறை வந்தால் சிங்கப்பூரிலிருந்து ஈப்போ, பினாங்கு என்று உறவினர் வீடுகளுக்குக் காரில் கிளம்பும் குடும்பங்கள் அநேகம். 1991 முதல் சிங்கப்பூர்க் கார்கள் முக்கால் டாங்க் பெட்ரோல் இல்லாமல் எல்லையைத் தாண்டக் கூடாது. உள்ளூர் விலையில் நிரப்பிய அந்தப் பெட்ரோலை வீணாக்கலாமா?

இன்றைய கார்கள் பலவற்றில் 'குரூஸ் கண்ட்ரோல்' இருக்கிறது. வேகத்தைக் குறித்துவிட்டால், மிதியில் கால் வைக்காமலே வண்டி அதே வேகத்தில் ஓடும். கண்டுபிடித்தவர் அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர். ஐந்து வயதில் பார்வை இழந்தவர். தம் வக்கீல் பேச்சு மும்முரத்தில் காரை விரட்டுவதும் தளர்த்துவதுமாக ஓட்டியது பொறுக்காமல் இதில் இறங்கினாராம். 1958இல் கிரைஸ்லர் கார்களில் அது வந்தது.

பெட்ரோல் மிச்சமாவதும் அதனால்தான். விரட்டி, பிரேக் போட்டு, மறுபடி விரட்டினால் பெட்ரோல் கரையும். சமமான நெடுஞ்சாலையில் இந்தக் கருவி அதைத் தடுக்கும்.

ஆனால் ஈப்போவுக்கு வடக்கே மெனோரா சுரங்கப்பாதைப் பக்கம் மேடு ஏறும்போது, குறித்த வேகத்தை விடாமல் பிடிக்க அது பெட்ரோலை அள்ளிக் கொடுக்கும். அங்கே உங்கள் காலே மேல். வேகம் சற்றுக் குறைந்தால் குற்றமில்லை. மழையில் வழுக்கும் சாலையிலும், சிராங்கூன் சாலை நெரிசலிலும் இதைத் தொடாதீர்கள்.

முக்கியமானது, குறிக்கும் வேகம். 90க்குப் பதில் 110 கிலோமீட்டர் என்றால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எந்தக் கருவியும் அதைக் குறைக்காது. பின்னால் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்ற நினைப்போடு 90இல் நிறுத்துங்கள். பாட்டி வீடு அரைமணி தாமதமானாலும் அங்கேயேதான் இருக்கும்.