காலனிக்குப் போகும் சாலையே பசுமைச் சாலை

காலை ஆறரை மணிக்கு சோழவந்தான் வைகைப் பாலத்தில் நின்று பாருங்கள். களையெடுக்கப் போகும் பெண்கள் நடந்து போவார்கள். கொடிக்காலுக்குப் போகிறவர் சைக்கிளில் போவார். மதுரைக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ காத்திருப்பார்கள். இவர்களில் பலர் நம் காலனி மக்கள். புகை குறைந்த போக்குவரத்தை உள்ளாட்சிகள் ஊக்குவிக்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் பேச்சு மின்சார காரிலும் சார்ஜிங் நிலையத்திலும்தான் சுற்றுகிறது. ஏற்கெனவே புகையில்லாமல் போய்வரும் இந்த மக்களுக்கு என்ன செய்தோம் என்று யாரும் கேட்பதில்லை.

நமக்குச் சாலை சும்மா கிடைத்துவிடவில்லை. ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகவைத்த ஊர்கள் உண்டு. அதனால்தான் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015-ல் திருத்தியபோது, பொது இடத்தில் தலித்துகள் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று தனியாகவே எழுத வேண்டியிருந்தது. 2016 ஜனவரி 26 முதல் அது அமலில் இருக்கிறது. நம் மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் சுவரின் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறக்க 2008 மே 6 வரை காத்திருக்க நேர்ந்தது.

வழி கிடைத்தால் வாழ்க்கை எப்படி மாறும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் கிராமப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. அரசின் இலவச சைக்கிள் 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளிடமிருந்தே தொடங்கியது; பிறகுதான் எல்லா மாணவர்களுக்கும் விரிந்தது. 2021 மே மாதம் வந்த மகளிர் இலவசப் பேருந்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. கூலிக்குப் போகும் பெண்ணுக்கு அது சில நாள் சம்பளம்.

சைக்கிளும் இலவசப் பயணமும் அரசு தந்தது. அவை காலனிக்குள் வந்து சேர வேண்டிய வழி உள்ளாட்சியின் கையில் இருக்கிறது. தெருச்சாலை, தெருவிளக்கு, பஸ் நிலையம் எல்லாம் பேரூராட்சியின் பொறுப்புதான். காலனியிலிருந்து பிரதான சாலைவரை குழியில்லாத சாலை, இரவில் எரியும் விளக்கு, ஓரத்தில் புங்கையும் வேம்பும், காலனி முகப்பில் நிழற்குடை, பஸ் நிலையத்தில் கட்டணமில்லாத சைக்கிள் நிறுத்தம் ஆகியவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை. பஸ் தடத்தைப் பேரூராட்சி முடிவுசெய்ய முடியாது. ஆனால் தீர்மானம் போட்டுக் கேட்க முடியும். பஸ் போகாத ஊர்களுக்காக 2025-ல் புதிய மினி பஸ் திட்டமும் வந்திருக்கிறது.

தென்கரை, முள்ளிப்பள்ளம், மேலக்கால் பக்கத்து மாணவர்களே, ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் காலனியிலிருந்து பஸ் நிறுத்தம்வரை நடந்து, எரியாத விளக்குகளையும் சாலைக் குழிகளையும் எண்ணி எழுதுங்கள். அதை அடுத்த கிராம சபையில் மனுவாகக் கொடுத்துத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். பேரூராட்சிக்குள் இருப்பவர்கள் வார்டு உறுப்பினரிடம் கொடுங்கள். மோட்டார் சைக்கிளுக்குக் கடன் வாங்காமல் நம் பிள்ளை சைக்கிளிலேயே, இருட்டுக்கும் யாருக்கும் பயப்படாமல், வீடு வந்து சேர வேண்டும். பசுமைப் போக்குவரத்து என்பதற்கு நமக்கு இதுதான் அர்த்தம்.