கூரையில் வெயில், வீட்டினுள் இருள்

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிறு முற்பகலில், இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. கூரையில் சூரியத் தகடுகளைப் பொருத்தியிருந்த வீடுகளிற் பெரும்பாலானவற்றிலும் அன்று விசிறி சுழலவில்லை. காரணம் எளிது. அவை மின்சார சபையின் கம்பியோடு இணைக்கப்பட்டவை. அக்கம்பியிற் பணியாற்றும் ஊழியரின் உயிரைக் காக்கும்பொருட்டு, மின்சாரம் நின்றதும் இன்வேட்டரும் தானாகவே நின்றுவிடும்.

ஆகவே, தகடு மட்டும் போதாது. பற்றரியுடன் தனித்தியங்கவல்ல அமைப்பே வேண்டும் என்பது எனது கருத்து. செலவு அதிகம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், தேவையைக் கணக்கிட்டால் செலவு சுருங்கும். 10 வாற் விளக்குகள் ஐந்து ஆறு மணிநேரம் எரியவும், 60 வாற் விசிறிகள் இரண்டு பத்து மணிநேரம் சுழலவும் நாளொன்றுக்கு ஒன்றரை அலகு போதும். ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்குமேல் வெறுமையாக்கலாகாது என்பதால், 3 அலகு கொள்ளும் பற்றரி தேவை. இஸ்திரிப்பெட்டியையும் நீர்ச்சூடாக்கியையும் இக்கணக்கிற் சேர்க்காதீர்கள்.

1990இன் பின்னர் யாழ்ப்பாணம் ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தபோது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாம். தொலைவிலிருந்து வரும் கம்பியை மட்டும் நம்பலாகாது என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஊரிலுள்ள பெற்றோரின் வீட்டுக்குச் சூரியத் தகடு பொருத்தப் பணம் அனுப்பும் புலம்பெயர் உறவுகளே, விற்பனையாளரிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: மின்சாரம் நின்றால் இது இயங்குமா?