பெட்டி செத்துப்போச்சா, மோடு தப்பா?

"அண்ணே, பெட்டி செத்துப்போச்சு. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

ஆரணிப் பக்கத்து நெசவுக் குடும்பத்துத் தம்பி ஒருவர் போனில் சொன்னது இது. வீட்டு மாடியில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறார். கோயில் பாட்டு, கல்யாண வாழ்த்து, தெருக்கூத்துக் குழுக்களின் பதிவு என்று வேலை வரும். ஒன்பது ஃபேடர் உள்ள கண்ட்ரோல் சர்ஃபேஸ் ஒன்றைக் கடனில் வாங்கியிருந்தார். ரீப்பர் மென்பொருளில் நன்றாகவே ஓடியது. சென்னை ஸ்டுடியோ ஒன்றுக்கு ஃபைல் அனுப்புவதற்காக புரோ டூல்ஸுக்கு மாறிய அன்று ஒரு ஃபேடர்கூட அசையவில்லை.

பெட்டியில் கோளாறே இல்லை. மோடுதான் தப்பு.

பார்க்க மிக்சர் மாதிரி இருந்தாலும், இந்த வகைப் பெட்டிக்குள் பொதுவாக ஒலி போவதில்லை. "மூணாவது டிராக்கைக் குறை" என்று கணினிக்குத் தகவல் சொல்வது மட்டுமே அதன் வேலை. அந்தத் தகவலை எந்த மொழியில் சொல்வது என்பதைத்தான் ஆபரேட்டிங் மோடு என்கிறார்கள். தம்பிக்கு இதைப் புரியவைக்க அவங்க அப்பாவின் தறியே போதுமாக இருந்தது. தறிக்கு மேலே இருப்பது ஜக்கார்டு பெட்டி. மிதிப்பது அதே கால்தான், ஆனால் அட்டையை மாற்றினால் மயில் போய் மாங்காய் வரும். ஒரு பெட்டிக்குக் குத்திய அட்டையை, கொக்கி எண்ணிக்கை வேறான பெட்டியில் மாட்டினால் டிசைன் விழாது. அதற்காகத் தறி கெட்டுப்போச்சு என்று யாராவது சொல்வார்களா?

பெரும்பாலான பெட்டிகளில் மூன்று மோடு இருக்கும். முதலாவது சாதாரண மிடி. எந்த மென்பொருளிலும் ஏதோ ஒரு வகையில் வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு ஃபேடரையும் நாமே கட்டிவிட வேண்டும். 0 முதல் 127 வரை, மொத்தம் 128 படிகள்தான். பாட்டின் கடைசியில் மெதுவாகக் குறைத்தால் சில சமயம் படி தட்டுவது காதுக்கே கேட்கும்.

இரண்டாவது ஹெச்யுஐ. 1990களின் கடைசியில் மாக்கி நிறுவனமும், அன்று புரோ டூல்ஸைத் தயாரித்த டிஜிடிசைனும் சேர்ந்து கொண்டுவந்தது. மூன்றாவது மாக்கி கண்ட்ரோல். கியூபேஸ், லாஜிக், ரீப்பர் எல்லாம் இதை ஏற்கும். புரோ டூல்ஸ் ஏற்காது. வெளி நிறுவனப் பெட்டிகள் பலவற்றுக்கும் புரோ டூல்ஸில் ஹெச்யுஐதான் வழி. தம்பியின் பெட்டி மாக்கி மொழியில் பேசிக்கொண்டே இருந்தது, எதிரே இருந்தவருக்கு அந்த மொழி தெரியாது. அவ்வளவுதான் விஷயம்.

இந்த இரண்டு மோடிலும் கணினி திருப்பிப் பேசும். மோட்டார் ஃபேடர் தானாக நகர்வதும், விளக்கு எரிவதும், டிராக்கின் பெயர் திரையில் வருவதும் அதனால்தான். ஹெச்யுஐயில் சுமார் நொடிக்கு ஒருமுறை மென்பொருள் "இருக்கியா?" என்று கேட்கும், பெட்டி "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் தொடர்பு போனதாகவே அது எடுத்துக்கொள்ளும். பெயருக்கு ஹெச்யுஐ தருவது நான்கே எழுத்து, மாக்கி தருவது ஏழு. அதுவும் ஆங்கில எழுத்து மட்டும். முகவீணை என்று தமிழில் பெயர் வைத்தால் பெட்டிக்குப் படிக்கத் தெரியாது.

மோடு சரியானதும் தம்பி அடுத்த குழியில் விழுந்தார். பெட்டியில் ரீட், டச், லாட்ச், ரைட் என்று பொத்தான்கள் இருக்கின்றனவே, அவை ஆட்டோமேஷன் மோடுகள். ஃபேடரை நகர்த்துவதை மென்பொருள் எப்படி நினைவில் வைக்க வேண்டும் என்பதைச் சொல்பவை. கூத்தில் கட்டியக்காரன் பேசும்போது முகவீணை மேலே ஏறிக் குரலை அமுக்கும். அந்த இடத்தில் மட்டும் லேசாக இறக்க வேண்டும். டச்சில் வைத்தால் விரல் ஃபேடரில் இருக்கும் வரைதான் பதிவு. எடுத்ததும் பழைய அளவுக்கே திரும்பிவிடும். லாட்ச்சில் விட்ட இடத்திலேயே நிற்கும், அடுத்த பாட்டு முழுக்க முகவீணை அமுங்கியே போகும். ரைட் இன்னும் ஆபத்து. ஓடவிட்ட நொடியிலிருந்து, கை வைக்காவிட்டாலும், பழையதை அழித்து எழுதிக்கொண்டே போகும். தம்பி ரைட்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இரண்டு ராத்திரி வேலை போனது. கூத்து போன்ற பதிவுக்கு டச்சைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள் என்பேன். ஆனால் விரல் பட்டதை உணரும் ஃபேடர் இருந்தால்தான் டச் ஒழுங்காக நடக்கும். விலை குறைந்த பெட்டிகளில் பெரும்பாலும் அது இருக்காது.

என் கோபம் கடைகள் மேல்தான். "எல்லா சாஃப்ட்வேர்லயும் ஓடும் சார்" என்கிறார்கள். பொய் இல்லை, எந்த மோடில், எந்த மென்பொருளில் என்ற பாதியை விழுங்கிவிடுகிறார்கள். பெரிய நகரத்தில் இருப்பவர் பக்கத்து ஸ்டுடியோவில் கேட்டுக்கொள்வார். ஆரணியில் இருப்பவர் நல்ல பெட்டியைப் பாதி விலைக்கு விற்றுவிடுவார். பில்லோடு தமிழில் ஒரு பக்கத் தாள் கொடுக்க என்ன செலவாகும்? என்னென்ன மோடு, எந்தப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சுவிட்ச் போட்டால் மாறும், எந்த மென்பொருளுக்கு எது. இவ்வளவுதானே? ஃபேடர் எத்தனை என்று விசாரிப்பதற்கு முன்னால் வாங்குபவரும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

தம்பி பெட்டியை விற்கவில்லை. ரைட் பொத்தான் மேல் ஒரு துண்டு ஜரிகையை ஒட்டி வைத்திருக்கிறார், இருட்டிலும் கை படக்கூடாது என்று.